இலைக்கு மேலே கை

என் மகள் ரோகிணியின் தலைக்கும் மின்கம்பிக்கும் நடுவில் இன்னும் ஒரு முழம்தான் இருந்தது. கம்பியைத் தொட்டால் ஜீப் வரும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். அவள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

எங்கள் ஊரில் சில உயிர்களுக்கு வளர்ச்சி நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. முதலில் எறும்பு. பூனை அளவு எறும்பு ஒன்று அடுக்களைக்குள் வந்து சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது. டப்பாவை உயரத்தில் வைக்கத் தொடங்கினோம். பிறகு ஒரு சேவல். பிறகு வெள்ளாடு. ஒரே ஈற்றில் பிறந்த நாலு குட்டிகளில் மூன்று ஒழுங்காக வளர்ந்து கசாப்புக் கடைக்குப் போயின. நாலாவதைக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கம்பியைத் தொட்டவற்றை ஜீப்காரர்கள் ஊருக்கு மேற்கே, கண்மாய்க்கு அப்பால் கொண்டுபோய் விடுவார்கள். ஜீப்பில் ஏற்ற முடியாது. ஜீப் முன்னால் போகும், அது பின்னால் நடக்கும். போனவை திரும்பியதில்லை. மேற்கே இப்போது புதிதாக மூன்று குன்றுகள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கொண்டை இருக்கிறது. விடியற்காலையில் அது கூவுவதில்லை, மூச்சு மட்டும் விடுகிறது. அப்போது கொடியில் கிடக்கும் துணியெல்லாம் கிழக்கே பறக்கும்.

நான் டைலர். பெயர் அழகிரி. பள்ளிச் சீருடை தைக்கிறேன். வளரும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் துணியை உள்ளே மடித்துவிட்டுத் தைப்பது எங்கள் தொழில் வழக்கம். பிள்ளை வளர்ந்ததும் மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். சொந்த மகள் என்பதால் ரோகிணியின் பாவாடைக்குத் தாராளமாகவே மடிப்பு விட்டிருந்தேன். எல்லா மடிப்பும் ஒரே வாரத்தில் தீர்ந்தது. பிறகு கல்யாணப் பந்தல் துணியை விலைக்கு வாங்கி இறக்கினேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே உட்கார்ந்து, ஓட்டுக்கு மேலாகப் பாடம் கேட்டாள். டீச்சர் உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாவாடையின் நிறம் பொருந்தவில்லை என்றார்.

அவளுக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அம்மிக்குழவி அளவு இருக்கும். விழுந்தால் யார் வீட்டு ஓட்டில் விழும் என்று தெருவில் பேச்சு இருந்தது.

என் மனைவியின் பெயர் போதும்பொண்ணு. நாலு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதாகவும் பெண்ணாகப் பிறந்தவள். இதற்கு மேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரிவிப்பதற்காக எங்கள் பக்கத்தில் வைக்கிற பெயர் அது. சாமிக்குத் தெரிந்ததோ என்னவோ, அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்தால் கரண்டி வருவதற்கு முன்பே இலைக்கு மேல் கையை நீட்டிப் போதும் என்பாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொள்வாள். ஊரில் பரிமாறுகிறவர்கள் அவள் இலையைத் தாண்டிப் போகப் பழகியிருந்தார்கள். அவளுக்கு யாரும் இரண்டாம் தடவை வைத்ததில்லை. நானும் வைத்ததில்லை.

நானும் அவளும் குள்ளம். கடைவீதியில் சேர்ந்து போனால் தயிர்க்காரி எங்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று நினைத்து அதட்டுவாள்.

சனிக்கிழமை காலையில் லைன்மேன் வந்தார். ஏணியைச் சாய்த்து, ஏறி, ரோகிணியின் உச்சந்தலையைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"டைலரே, பிள்ளை தலைக்குக் குளிச்சிருச்சா?"

"குளிச்சிருச்சு."

"ஈரத்தலையோட கம்பிப் பக்கம் போக வேணாம்னு சொல்லுங்க."

"இன்னும் ஒரு முழம் இருக்கேண்ணே."

"அது நான் ஏறுறப்ப. இறங்குறப்ப அரை முழம். திங்கக்கிழமை ஜீப் வந்துரும்."

"அதுக்குள்ள என்ன செய்யிறது?"

"அளவு நிலையத்துக்குப் போங்க. வெறும் வயித்தோட போங்க. அங்க சாப்பாடு போடுவாங்க."

போதும்பொண்ணு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கால்நடை மற்றும் மக்கள் உடலளவு நிலையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளூர் மண்ணில் அறுத்த செங்கல்லால் கட்டியது. அதனால் அந்தக் கட்டடத்துக்கும் நிற்கத் தெரியாது. காலையில் அளவாக இருக்கும் தாழ்வாரம் மதியத்துக்குள் நீண்டுவிடும். சௌந்தரபாண்டி என்ற பியூன் அதில் சைக்கிளில்தான் போய்வந்தார். தொலைவில் புள்ளியாக இருந்து மணியடித்துக்கொண்டே பெரிதாகி வந்தார். அருகில் வந்த பிறகும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தும் நாங்கள் பார்க்காததுபோல இருந்தோம்.

ரோகிணியால் உள்ளே வர முடியவில்லை. கட்டடத்துக்கு வெளியே குனிந்தபடி எங்களோடு கூடவே நடந்தாள். நாங்கள் கடக்கும் ஒவ்வொரு ஜன்னலிலும் அவள் கண் வந்து நின்றது. ஜன்னல் முழுக்கக் கண். அது இமைத்தபோது தாழ்வாரம் ஒரு நொடி இருண்டது.

பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எறும்பைக் கயிற்றில் பிடித்திருந்தார். எறும்பு அவரைவிடக் கௌரவமாக உட்கார்ந்திருந்தது. இன்னொருவர் ஒரு பெண், மடியில் டிபன்பாக்ஸ் வைத்திருந்தாள். என் மனைவி அவளிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"உள்ள என்னக்கா?"

"எருமை."

"எருமையா?"

"அவசரப்பட்டு நின்னுருச்சு. கன்னுக்குட்டியாப் பொறக்குறதுக்கு முன்னாடியே."

"பால் கறக்குதா?"

"வேளைக்கு ஒரு சொட்டு. இங்க் பில்லர்ல உறிஞ்சிக்கிறோம்."

டிபன்பாக்ஸுக்குள்ளிருந்து எருமை கத்தியது. கொசு ரீங்காரம்போலத்தான் கேட்டது. ஆனால் எருமைக்கு உரிய துக்கம் அதில் குறையாமல் இருந்தது.

டாக்டரின் பெயர் எஸ்தர். என் விரலிலும் மனைவி விரலிலும் குத்தி ரத்தம் எடுத்தார். ரோகிணியின் ரத்தத்தை வெளியே போய் ஒரு செம்பில் பிடித்து வந்தார்கள். மூன்றையும் வெளிச்சத்தில் வைத்து, காதருகே கொண்டுபோய்க் கேட்டார். ரோகிணியின் செம்பை மட்டும் வெகுநேரம் கேட்டார்.

"எலிக்கும் யானைக்கும் பக்குவம் ஒண்ணுதான். கண்ணு, காது, ஈரல், எல்லாம் ஒரே மாதிரிதான் செய்யிறது. எப்ப அடுப்பை அணைக்கிறதுங்கறதுலதான் வித்தியாசம். எலிக்கு ஒரு குரல் சீக்கிரமா போதும்னு சொல்லிரும். யானைக்கு லேட்டா சொல்லும்."

"யாரு சொல்றது டாக்டர்?" என்று கேட்டேன்.

"ரத்தம்."

"எங்க பிள்ளைக்கு?"

"யாரும் சொல்லல."

வெளியே ரோகிணி நாக்கால் பல்லைத் தள்ளும் சத்தம் கேட்டது. மரக்கதவு ஆடுவதைப்போல இருந்தது.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேருமே குள்ளம். அப்ப ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் குரல் இருக்கு. ஆனா ஆளுக்கு ஒரு கையிலதான் இருக்கு, அது நிறைகை. இன்னொண்ணு வெறுங்கை. பொறக்குற பிள்ளை அப்பாவோட ஒரு கையையும் அம்மாவோட ஒரு கையையும் பிடிச்சுக்கிட்டுத்தான் வரும். அதுல ஒண்ணு நிறைகையா இருந்தாலே நின்னுரும். உங்க பிள்ளை ரெண்டு பேரோட வெறுங்கையையும் பிடிச்சுக்கிட்டு வந்துருச்சு. நாலுல ஒண்ணு அப்படி வரும்."

"எங்களுக்கு ஒரே பிள்ளைதான்."

"அந்த ஒண்ணுதான் இது."

போதும்பொண்ணு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இடது மணிக்கட்டில் பஜ்ஜி போடும்போது எண்ணெய் தெறித்த தழும்பு மட்டும் அதிகம்.

"இதுல எது வெறுங்கை டாக்டர்?"

"கொடுக்குறப்பத்தான் தெரியும்."

கொடுக்கலாம் என்றார். பெற்றவர்களில் ஒருவர் தன் நிறைகையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். பிள்ளை நின்றுவிடும். கொடுத்தவருக்கு அன்றிலிருந்து இரண்டும் வெறுங்கை. நின்றுபோன வளர்ச்சி மறுபடி தொடங்கும்.

"எதுவரைக்கும்?" என்றேன்.

டாக்டர் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

நான் கொடுக்கிறேன் என்று சொன்னேன். சொன்ன உடனே பயம் வந்தது. குன்றாகிப் போவதை நினைத்துக்கூட இல்லை, அது அவ்வளவாகப் புரியவில்லை. தையல் மிஷினுக்கு முன்னால் இனி உட்கார முடியாதே என்றுதான். கால் மிதியில் பொருந்தாது. வேறு தொழில் எனக்குத் தெரியாது.

சௌந்தரபாண்டி சைக்கிளை நிறுத்திவிட்டு, "அப்பாதான் கொடுக்கணும், அதுதான் முறை. பெத்தவ பிள்ளை இலையைப் பார்த்துப் போதும்னு சொல்லப்படாது. தாய்க்கண்ணு பொல்லாதது" என்றார்.

அது எங்களுக்கும் தெரியும். எங்கள் ஊரில் எந்தத் தாயும் பிள்ளை எவ்வளவு சாப்பிடுகிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பிள்ளை சாப்பிடும்போது சுவரைப் பார்ப்பாள். போதும்பொண்ணுவும் ரோகிணிக்கு ஊட்டும்போதெல்லாம் காலண்டரைப் பார்த்தபடிதான் ஊட்டினாள்.

"சரி," என்றாள் போதும்பொண்ணு.

நிலையத்துக்குப் பின்னால் ஒரு மைதானம். அங்கேதான் கொடுக்கிற இடம். ரோகிணிக்கு இலை போட வேண்டும். ஒரு வாழைத்தோட்டத்தின் இலைகளைக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். நான்தான் அவற்றைச் சேர்த்துத் தைத்தேன். வாழைநார்தான் நூல், கோணி ஊசிதான் ஊசி. பழக்கதோஷத்தில் ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்தேன். சௌந்தரபாண்டி பார்த்துவிட்டு, "மடிப்பு எதுக்குண்ணே, இனிமேதான் வளரப் போறதில்லையே" என்றார். அது ஆறுதலாக இருந்தது.

முறை எளிது. பிள்ளை இலைக்கு முன்னால் உட்காரும். எதிரே கொடுப்பவர் உட்கார வேண்டும். சோறு விழ ஆரம்பித்ததும் பிள்ளையின் இலைக்கு மேல் கையை நீட்டி, போதும் என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். ஒரு தடவைதான்.

ரோகிணி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மைதானம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. எதிரே நான். எனக்குப் பக்கத்தில் போதும்பொண்ணு, சுவரைப் பார்த்தபடி. நாலு பேர் புது மண்வெட்டிகளைக் கழுவி எடுத்துவந்து சோற்றை அள்ளி வீசினார்கள். ஆவி பறந்தது. ரோகிணியின் முகம் ஆவிக்கு மேலே மறைந்து மறைந்து தெரிந்தது.

"அப்பா, பசிக்குதுப்பா."

"சாப்பிடும்மா."

"எவ்வளவு சாப்பிட?"

கையைத் தூக்கினேன். இடது கையைத் தூக்கியிருக்கிறோம் என்று தெரிந்து மாற்றினேன். மாற்றுகிற நேரத்துக்குள் இலைக்கு மேல் வேறொரு கை வந்துவிட்டது. மணிக்கட்டில் எண்ணெய்த் தழும்பு இருந்தது.

"போதும்," என்றாள் என் மனைவி. பந்தியில் எப்போதும் சொல்கிற அதே குரல். சுவரைப் பார்க்கவில்லை. பிள்ளையை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

மண்வெட்டிகள் நின்றன. சுவர்மேல் இருந்த காகம் நின்றது. ரோகிணியின் தலைக்கு மேல் இருந்த வானம் சற்று விலகியதுபோல இருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணிட்டே? நாந்தானே கொடுக்கிறதா இருந்தது?"

"சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சுங்க."

"என்னத்தை?"

"அதைத்தான். பொறந்த அன்னைக்கே எனக்குச் சொல்லிட்டாங்க. அப்புறம் அடுத்தவங்க சொல்றதுக்குள்ள நானே முந்திக்கிட்டேன். இப்ப பிள்ளைக்குக் கொடுத்தாச்சு. இனிமே என்கிட்ட இல்ல."

அவள் சிரித்தாள். இத்தனை பல் அவளுக்கு இருந்ததை நான் கவனித்ததில்லை. பிறகு மண்வெட்டிக்காரரைப் பார்த்து, "அண்ணே, எனக்கும் ஒரு இலை போடுங்க" என்றாள்.

போட்டார்கள். அவள் கை இலைக்கு மேல் வரவில்லை. அண்டா காலியாகும்வரை சாப்பிட்டாள். என் மனைவி வயிறாரச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன். அழகாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை ஜீப் வந்தது. லைன்மேன் ஏணியில் ஏறினார். ரோகிணியின் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் அரை முழம் அப்படியே இருந்தது. இறங்கும்போதும் அரை முழம்தான். ஜீப் திரும்பிப் போனது. தெருவே கைதட்டியது. எனக்கு அழுகை வந்தது. மிஷினில் உட்கார்ந்து அழுதேன், கால் மிதியில் சரியாகப் பொருந்தியது.

போதும்பொண்ணு உயரத்தில் நிலைக்கதவைத் தாண்டினாள். பிறகு ஓட்டைத் தாண்டினாள். வளையல்களை அறுக்க ஆசாரியைக் கூப்பிட்டோம். சேலையோடு சேலையாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஊர்ப் பெண்கள் ஆளுக்கு ஒரு பழஞ்சேலை கொண்டுவந்து போட்டார்கள். பல வீட்டுச் சேலைகளை உடுத்திக்கொண்டு, மகளின் தோள்மேல் கைவைத்து நின்றாள். மறுநாள் மகள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஜீப்காரர்கள் கூப்பிடுவதற்கு முன்பே போதும்பொண்ணு கிளம்பிவிட்டாள். அவள் முன்னால் நடந்தாள், ஜீப் பின்னால் போனது. அப்படி அதுவரை நடந்ததில்லை. கண்மாயை ஒரே எட்டில் தாண்டினாள். நனையவே இல்லை.

நிம்மதியாக இருக்க வேண்டிய காலம் அது. பிள்ளை வீட்டில் இருந்தாள். ஆனால் அவள் பல் விழவில்லை.

ஆடிக்கொண்டே இருந்தது. நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை. தலைமுடி அப்படியே இருந்தது. அவளோடு படித்த பிள்ளைகள் நாலாம் வகுப்புக்குப் போனார்கள், பிறகு ஐந்தாம் வகுப்புக்கு. ரோகிணி ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றாள். எட்டாம் வாய்ப்பாட்டை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள். சிநேகிதிகளுக்குப் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது, அவர்கள் எல்லோரும் எப்போதும் மூன்றாம் வகுப்பாகவே இருந்தார்கள். புதுப் பாவாடை தைத்தபோது ஞாபகமில்லாமல் உள்ளே மடிப்பு விட்டுவிட்டேன். அந்த மடிப்பு இன்னும் இருக்கிறது. துவைத்துக் காயப்போடும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்ப்பேன். வெளியில் இருக்கும் துணி வெளுத்துவிட்டது, உள்ளே மடித்த துணி மட்டும் புதிதாகவே இருக்கிறது.

டாக்டர் எஸ்தரிடம் போய்க் கேட்டேன். தாழ்வாரம் நீண்டிருந்தது, போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிட்டது.

"அப்பா சொன்னா வளர்த்தி மட்டும் நிக்கும். பெத்தவ சொன்னா எல்லாம் நின்னுரும். அதுக்குத்தான் சொல்லப்படாதுன்னு வச்சிருக்காங்க," என்றார்.

"அவளுக்கு இது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். சுவத்தைப் பார்த்துத்தானே ஊட்டுறீங்க. எதுக்குன்னு யாரும் கேக்கிறதில்ல."

"பல்லு விழவே விழாதா?"

"ஆடும்," என்றார் டாக்டர்.

தினமும் மதியம் சோறு எடுத்துக்கொண்டு மேற்கே போவேன். ரோகிணியும் அண்டாவைச் சுமந்துகொண்டு வருவாள். குன்றுகளுக்கு நடுவில் போதும்பொண்ணு உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்த நிலையிலேயே அவள் முகம் மேகத்துக்கு அருகில் இருந்தது. முதலில் உதடு அசைவது தெரியும். சற்றுப் பொறுத்துத்தான் குரல் வந்து சேரும்.

"பல்லு விழுந்துச்சா?"

"இல்லம்மா," என்பாள் ரோகிணி.

குரல் மேலே போய்ச் சேரும்வரை காத்திருப்போம். சேர்ந்ததும் அவள் முகம் மாறுவது தெரியும். பிறகு கொண்டைக் குன்றைக் கையால் தடவிக்கொடுப்பாள். அது மூச்சு விடும்.

ஒருநாள் மட்டும் வேறொன்று சொன்னாள்.

"தெரிஞ்சிருந்தா உங்களையே சொல்ல விட்டிருப்பேங்க."

"நீ இங்க நல்லா இருக்கியாம்மா?"

குரல் போயிற்று. காத்திருந்தோம்.

"பசிக்குது. நல்லா இருக்கு."

இரண்டு வாக்கியங்களையும் ஒரே குரலில் சொன்னாள்.

பிறகு பக்கத்து ஊரிலிருந்து புகார் வந்தது. மதியத்துக்கு மேல் அவள் நிழல் அவர்கள் களத்தில் விழுகிறதாம். மிளகாய் காயவில்லையாம். அடுத்த வாரம் உச்சிவேளையிலேயே விழுந்ததாம். அதற்கடுத்த ஊர்க்காரர்களும் வந்தார்கள். அவர்கள் ஊரில் கோழிகள் மதியமே அடைந்துவிடுகின்றனவாம். எங்கள் தெருவிலும் பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. நூல் கோர்க்க ரோகிணியைக் கூப்பிடுவேன். அவள் விரல் நுனிக்கு என் ஊசி தெரியாது, இருந்தாலும் முயற்சி செய்வாள்.

ஜீப்காரர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"டைலரே, உங்ககிட்ட ஒரு நிறைகை பாக்கி இருக்கு."

"இருக்கு."

"சம்சாரத்துக்குக் கொடுத்துருங்க. இலைக்கு மேல கைய நீட்டி ஒரு வார்த்தை. முடிஞ்சது."

"புருஷன் சொன்னா எது நிக்கும்? வளர்த்தி மட்டுமா, எல்லாமா?"

"தெரியாது. இதுவரைக்கும் எந்தப் புருஷனும் கொடுக்க முன்வந்ததில்ல."

"கொடுத்தா நான் வெறுங்கை ஆயிருவேனே. அப்புறம் நான் வளருவேனே."

"ஆமா."

"அப்ப என் நிழல் விழாதா?"

"அது அடுத்த வருஷக் கணக்கு," என்றார் ஜீப்காரர்.

"நான் சொல்லாட்டி?"

அவர் வாசலைக் காட்டினார். நடுப்பகல். தெருவிளக்கைச் சுற்றி ஈசல் பறந்துகொண்டிருந்தது.

சரி என்று சொன்னேன். எல்லோருக்கும் வெயில் வேண்டும். எனக்கும் வேண்டும், ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் எத்தனை நாள் பிழைப்பது?

இலை தைத்தேன். ஏழெட்டு ஊர்த் தோட்டங்களை அறுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு படி அரிசி போட்டுச் சோறு வடித்தார்கள். ரோகிணி இலையைப் பாய்போலச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டாள். கண்மாய்க்கரை முழுக்க ஜனம். மிளகாய்க்காரர்கள் வெறும் சாக்குகளோடு நின்றார்கள்.

இலையை விரித்தோம். அதற்குப் பக்கத்தில் அவள் கை தரையில் கிடந்தது. இடது கை. மணிக்கட்டில் எண்ணெய்த் தழும்பு ஒரு ஊருணி அளவு இருந்தது. அதில் மழைத்தண்ணீர் தேங்கி, ஓரத்தில் இரண்டு கொக்குகள் நின்றன. அந்தத் தழும்பு பட்ட அன்று நான் மருந்து வாங்கி வரவில்லை. போதுங்க, சரியாயிரும் என்றாள். நானும் சரி என்று தைக்கப் போய்விட்டேன்.

மண்வெட்டிகள் அள்ளி வீசின. சோறு விழுந்தது. உதடு அசைந்தது. காத்திருந்தோம்.

"பல்லு விழுந்துச்சா?"

"இல்லம்மா," என்றாள் ரோகிணி.

ஜீப்காரர் என் முதுகைத் தொட்டு, "சொல்லுங்க" என்றார்.

நான் இலை ஓரத்துக்குப் போனேன். கையை நீட்டினேன். இந்தத் தடவை வலது கைதான். அவ்வளவு பெரிய இலைக்கு மேல் என் கை ஒரு ஈ அளவுகூட இல்லை. இருந்தாலும் அவள் பார்த்துவிட்டாள். மேலே முகம் கொஞ்சம் குனிந்தது. அவள் கண்கள் என் கையின்மேல் வந்து நின்றன.

தரையில் கிடந்த கையை மெதுவாக எடுத்தாள். கொக்குகள் பறந்தன. கையை மடியில் வைத்துக்கொண்டாள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான் வைத்துக்கொள்வாள்.

எங்கள் பின்னால் எட்டு ஊர் ஜனமும் அந்த ஒரு வார்த்தைக்காக வாயைத் திறந்து வைத்திருந்தது. இவள் பிறந்த அன்றைக்கும் இப்படித்தான் எல்லோரும் சுற்றி நின்றிருப்பார்கள். பக்கத்தில் ரோகிணி நாக்கால் பல்லைத் தள்ளினாள். மரக்கதவு ஆடும் அந்தச் சத்தம் கேட்டது. அந்த வார்த்தை வந்து விழுந்த இடத்தை நான் தினமும் பார்க்கிறேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கினேன். என் உயரத்துக்கு அது பெரிது. ஒரு மண்வெட்டிச் சோறு அள்ளி இலையில் வைத்தேன். பிறகு அண்ணாந்து, என்னால் முடிந்த அளவு சத்தமாகக் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டாம்மா?"

குரல் மேலே போயிற்று. ஜீப்காரர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். மிளகாய்க்காரர்கள் சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரத்துக்குள்ளும் அவள் கொஞ்சம் வளர்ந்திருந்தாள். உதடு அசைந்ததா என்று தெரியவில்லை, அது மேகத்துக்குள் போய்விட்டிருந்தது.

பிறகு வந்து சேர்ந்தது.

"வைங்க."

மடியிலிருந்து கை இறங்கி இலைக்குப் பக்கத்தில் வந்து மல்லாந்து கிடந்தது. வெளிச்சம் குறைந்தது. யாரோ ஜீப்பின் விளக்கைப் போட்டார்கள். ரோகிணி இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள். அந்த விளக்கில் நாங்கள் இருவரும் அள்ளி அள்ளி வைத்தோம். வெயில் இருந்த இடத்தில் அவள் மெல்லும் சத்தம் கேட்டது.